பயில்வானுக்கு ஒரு போட்டி

— இன்னொரு தடவை. மெஷின் மனு விஷயமா ஆபீஸ் மேடம் வந்து கேக்கறாங்கன்னு வெச்சுக்கோ. "உங்க மனைவியைக் கட்டில்லேருந்து சக்கர நாற்காலிக்கு யார் மாத்தறாங்க?"

— நான்தான்.

— "சிரமம் இல்லாமத் தூக்க முடியுதா?"

— என்ன கேள்வி டீச்சர் இது? பூ மாதிரி தூக்கிடுவேன்.

— போச்சு! காலையிலேருந்து தொண்டைத்தண்ணி வத்தப் பாடம் எடுத்தேனே, அவ்வளவும் போச்சு. ஒரே ஒரு வார்த்தை பயில்வான். "முடியல." எங்க, சொல்லு.

— மு...

— ம்? அடுத்த எழுத்து?

— நாக்கு புரள மாட்டேங்குது. தச்சு வேலைக்காரன் வாயில அந்த வார்த்தை வரலாமா? கதவு கனமா இருக்கு, முடியலன்னு ஒருநாள் சொன்னேன்னு வை, மறுநாள் எவன் வேலை கொடுப்பான்?

— இங்க தூக்கப்போறது கதவு இல்ல. என்னை.

— கதவைவிட நீ கனம் கம்மி.

— நம்ம வாசக்கதவைவிடவா?

— வாசக்கதவு தேக்கு. நீ...

— சொல்லு, நான் என்ன மரம்?

— பலா.

— பலாவா!

— வீணை செய்யற மரம், டீச்சர்.

— தப்பிச்சே. ஆனா பேச்சை மாத்தாதே. போன தடவை அந்த மேடம் பாக்க வந்தப்போ என்ன கூத்து பண்ணினே? அவங்க இன்னும் கைப்பையைக்கூட கீழ வைக்கல, ஒரு கேள்வி கேக்கல. அதுக்குள்ள என்னை அலேக்காத் தூக்கி...

— ஒரு சுத்துதான் சுத்தினேன்.

— ரெண்டு. ரெண்டாவது சுத்துல என் கால் பட்டுக் காலண்டர் கீழ விழுந்துது.

— அவங்க சிரிச்சாங்களே!

— சிரிச்சாங்க. சிரிச்சிட்டு ஆபீஸ்ல போய் எழுதினாங்க. "கணவர் திடகாத்திரமானவர். தூக்கிவிட வீட்டில் ஆள் உண்டு. கருவி தேவையில்லை."

— திடகாத்திரம்னு அரசாங்கமே எழுதியிருக்குன்னு பட்டறைக்கு வந்த அத்தனை பேர்கிட்டயும் காட்டினேன்.

— மனு தள்ளுபடியான கடுதாசியைப் பரிசு வாங்கின மாதிரி ஊரெல்லாம் காட்டின ஒரே மனுஷன் நீதான்.

— சரி, நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கறப்போ அந்த மெஷின் எதுக்கு? படத்துல பாத்தேன். சக்கரம் வெச்ச கொக்கு மாதிரி நிக்குது. உன்னைத் துணியில கட்டி அலகுல மாட்டிக்கும். கைப்பிடியை அடிக்க அடிக்க மெதுவாத் தூக்கும். மூட்டையா நீ?

— பொறாமை.

— எனக்கா? இரும்புமேலயா?

— சக்களத்தன் வீட்டுக்கு வர்றான்னு வயித்தெரிச்சல்.

— அந்தக் கொக்கு உன்கிட்ட பேசுமா? தூக்கறப்போ பாட்டு பாடுமா?

— பாடாது. அதுவே பெரிய லாபம்.

— ஓகோ!

— கேளு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதுகைச் சாய்க்கணும். அதுக்கு நீ பட்டறையைப் பூட்டிட்டு ஓடி வர்றே. உளி எடுத்த கையோட, தலையெல்லாம் மரத்தூளோட. அந்த மெஷின் இருந்தா பக்கத்து வீட்டு அக்கா போதும். அவங்க ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தாலும் என்னைத் தூக்கிக் கட்டில்ல விட்டுடுவாங்க. உனக்கு நடுவேலையில ஓட்டம் மிச்சம்.

— எனக்கு ஓடி வர்றது பிடிக்கும்.

— அது தெரியும்.

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்ல. அதுவும் இப்பல்லாம் நீ எங்க தூக்கறே? ஒரு பலகையை இழைச்சு, மெழுகு தேச்சு, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல பாலம் போட்டு என்னைச் சறுக்க விடறே. தபால்பெட்டியில கடுதாசி தள்ற மாதிரி.

— அது நவீன முறை டீச்சர். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான்.

— நான் அன்பு குறைஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்.

— எவ்வளவு மெழுகு தேச்சிருக்கேன், அதுல தெரியலையா அன்பு?

— மணி அடிக்குது! வந்துட்டாங்க. அந்தப் பலகையைக் கட்டிலுக்கு அடியில தள்ளு. அதைப் பாத்தா இதுவே போதுமேன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. என்ன காலால தள்றே? குனிஞ்சு கையால தள்ளேன்.

— காலாலயே போகும். போயிடுச்சு பாரு.

— சரி, கதவைத் திற. ஞாபகம் இருக்கட்டும். என்ன வார்த்தை?

— மு...

— கடவுளே.

— வாங்க மேடம், வாங்க. உக்காருங்க.

— நிக்கறேன் சார். உக்காந்தா எழுந்திருக்க எனக்கே உங்க மெஷின் தேவைப்படும். என்னம்மா, காலண்டரை உசரத்துல மாட்டிட்டீங்க போல?

— முன்ஜாக்கிரதைதான் மேடம்.

— நல்லது. பாருங்கம்மா, மேல்முறையீடு போட்டிருக்கீங்க, மறுபடி நேர்ல பாக்கணும்னு வந்திருக்கேன். ஆனா முன்னாலேயே சொல்லிடறேன். என்கிட்ட இருக்கறது ஒரே பானை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் நிரப்புவாங்க. அதுலேருந்துதான் எல்லாருக்கும் அள்ளி வைக்கணும். உங்க மெஷின் விலைக்கு ஒரு தெருவுக்கே ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்துடலாம். வரிசையில ஒரு அம்மா இருக்காங்க, படுத்த படுக்கை. தூக்கிவிட வீட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. அவங்களை விட்டுட்டு உங்களுக்குக் கொடுத்தா எனக்குச் சோறு இறங்குமா?

— இறங்காது மேடம். அவங்களுக்கு முதல்ல கொடுங்க. நான் வரிசையில முந்தணும்னு சொல்லல. நீங்க என்னை வரிசையிலேருந்தே எடுத்துட்டீங்களே, அதைத்தான் கேக்கறேன்.

— ஏன்னா உங்க வீட்டுல ஆள் இருக்கு. கூலிக்கு ஆள் வெச்சிருந்தா அந்தச் செலவை எழுதலாம், அதைவிட மெஷின் மலிவுன்னு காட்டலாம். வீட்டு ஆள்னா படிவத்துல அந்தச் செலவுக் கட்டத்துல நான் பூஜ்யம்தான் போடணும்.

— பூஜ்யமா? யாரை மேடம், என்னையா?

— பயில்வான், சும்மா இரு.

— இல்ல டீச்சர், திடகாத்திரம்னு எழுதிட்டுப் பக்கத்துலயே பூஜ்யமா?

— கோவிச்சுக்காதீங்க சார். எங்க வீட்டுல என் வீட்டுக்காரர்தான் சமையல். எனக்கு அவர் சமைச்சுப் போடறதுக்கும் இதே பூஜ்யம்தான். கட்டம் அப்படி.

— மேடம், நான் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கறவ. ஒரு நிமிஷம் அப்படியே பேசறேன். கட்டடம் கட்டற இடத்துல கிரேனை வாடகைக்கு எடுத்தா, அது தேயும், எண்ணெய் போடணும், ஒருநாள் படுத்துக்கும்னு எல்லாரும் கணக்குல சேக்கறாங்க. இவர் மட்டும் தேய மாட்டாரா? நடுவேலையில பட்டறையைப் பூட்டறார், அந்த நேரத்துக் கூலி போச்சு. வெளியூர் வேலைன்னா தலையே ஆட்டறதில்ல, அந்தக் காசும் போச்சு. கூலி போனா வரி போச்சு. உங்க பானைக்கு வர வேண்டிய தண்ணிதானே அது?

— ம்.

— இன்னும் இருக்கு. நாளைக்கு இவர் முதுகு போச்சுன்னா? இப்ப ஒரு மெஷினோட முடியறது, அப்ப ரெண்டு சக்கர நாற்காலி, வைத்தியம், கூலிக்கு ஒரு ஆள்னு வளரும். உங்க வரிசையில நாங்க ரெண்டு பேரும் நிப்போம். நிக்கக்கூட மாட்டோம், உக்காந்திருப்போம்.

— நல்லாத்தான் பேசறீங்க. இதை எங்க மேலிடத்துல போய்ச் சொன்னேன்னு வைங்க, "முதுகு போகட்டும், அப்புறம் பாக்கலாம்"பாங்க. போகாத முதுகுக்கு எங்க தாள்ல கட்டம் இல்லம்மா.

— வெள்ளம் வந்தப்புறம் கரை கட்டற மாதிரி.

— அதேதான். நான் போட்ட விதியா? இன்னொரு கொடுமை கேளுங்க. கொடுத்த மெஷின் எல்லாம் தேவை முடிஞ்சதும் அவங்கவங்க மொட்டைமாடியில மழையில நனைஞ்சிட்டிருக்கு. திருப்பி வாங்கி, துடைச்சு, அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம்தானே? துடைக்கற செலவுக்குக் கட்டம் இல்ல.

— அடப்பாவமே! எங்க பட்டறைக்கு அனுப்புங்க மேடம், துருவைச் சுரண்டி ஓட விட்டுத் தர்றேன். நூலகத்துல புத்தகம் கொடுக்கற மாதிரி இரவல் கொடுங்க.

— சக்களத்தனுக்கு வைத்தியம் பாக்கறியா நீ?

— வேற வீட்டுக்குப் போறவன்தானே டீச்சர், பரவாயில்ல.

— உங்க ரெண்டு பேர்கிட்ட பேசினா நேரம் போறதே தெரியாது. வேலையைப் பாப்போம். சார், அம்மாவைக் கட்டில்லேருந்து தூக்கி நாற்காலியில வைங்க, பாக்கறேன். இந்தத் தடவை சுத்த வேண்டாம்.

— மேடம் கேக்கறாங்க பயில்வான். பதில் சொல்லு.

— சொல்றதுக்கு என்ன இருக்கு? தூக்கறேன்.

— ஏய்! காலையில படிச்சது என்னாச்சு?

— படிச்சதை விடு. கையை என் கழுத்துல போடு. பூஜ்யமாமே, பூஜ்யம். ஒண்ணு... ரெண்டு...

— பாத்து சார்.

— ரெண்டு...

— அது ஏற்கெனவே சொல்லியாச்சு.

— ரெண்டரை... இரு டீச்சர். பிடி சரியில்ல. இரு.

— சார், உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— முடியல மேடம்.

— அருமையா சொல்றீங்க சார். உள்ளங்கையில வெச்சு ரெண்டு சுத்து சுத்தின மனுஷன், இப்ப முடியலையா? இந்த வேலையில எனக்குத் தலை நரைச்சாச்சு. வாசப்படி வரைக்கும் ஓடி வந்துட்டு என்னைப் பாத்ததும் நொண்டினவங்களை எல்லாம் பாத்திருக்கேன். உங்க ஒத்திகை வாசல் வரைக்கும் கேட்டுது.

— நியாயம்தான் மேடம். காலையிலேருந்து இவ நடிக்கத்தான் சொல்லிக் கொடுத்தா. எனக்குத்தான் வரல. ஏன் வரலன்னா, அது நடிப்பில்ல. டீச்சர், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. நான் மேடம்கிட்ட பேசணும்.

— திரும்பிட்டேன். காதை எங்க வைக்கறது?

— போன மழைக்காலத்துல ஒரு அலமாரியை மாடியிலேருந்து இறக்கறப்போ முதுகுல பிடிச்சுது மேடம். தானாப் போயிடும்னு விட்டேன். போகல. அந்த நேரம் பாத்து இவ மெஷினுக்கு மனு போட்டா. என் கை இவளுக்குப் போதலையோன்னு ஒரு ரோஷம். அதான் உங்க முன்னாடி அந்தச் சுத்து. அன்னிக்கு நீங்க போனதும் பட்டறையில மரத்தூள்மேல மல்லாந்து கிடந்தேன். வேலை அதிகம்னு வீட்டுல சொல்லிட்டேன். இந்தப் பலகையும் அதுக்குத்தான்.

— பலகையை உள்ள வந்தப்பவே பாத்தேன். கட்டிலுக்கு அடியிலேருந்து எட்டிப் பாக்குது.

— அதுலயும் இடுப்பைப் பிடிச்சு இழுத்தாத்தான் நகரும். என்னிக்காவது பாதி வழியில இவளை விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு மேடம். இவளுக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சா தன்னாலதான்னு நெனச்சு, நாற்காலியிலேயே உக்காந்து தூங்கப் பழகிடுவா.

— முதல்ல நீங்க உக்காருங்க சார். மெதுவா. டாக்டரைப் பாத்தீங்களா?

— பாத்தா, இனிமே எதையும் தூக்கக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்துடுவாரே.

— அட, அந்த எழுத்துதானே எனக்கு வேணும்! அது கையில இருந்தா "தூக்கிவிட ஆள் உண்டு"ங்கறதை நானே அடிச்சிட்டு மாத்தி எழுதுவேன். போன முதுகுக்குக் கட்டம் இருக்கு சார். நாளைக்கே போய் வாங்கிட்டு வாங்க. அந்தப் படுக்கை அம்மாவுக்கு அடுத்தது நீங்க. எப்ப வரும்னு சொல்ல மாட்டேன். வரிசையில இருப்பீங்க, அது என் பொறுப்பு.

— ரொம்ப நன்றி மேடம். டீச்சர், இந்தப் பக்கம் திரும்பு. மன்னிச்சுக்கோ. ஆசைப்பட்டு ஒரு பொருள் கேட்டே, என் வீம்பால அன்னிக்கே கிடைக்காமப் போச்சு.

— என்னம்மா, மறைச்சிட்டாரேன்னு கோவமா?

— கோவமில்ல மேடம். பயில்வான், நீ தினம் குளிக்கப் போறப்போ குழாயை முழுசாத் திறந்து விடறியே, எதுக்கு?

— தண்ணி... வாளி நிரம்ப...

— வாளி நிரம்பித் தரையெல்லாம் ஓடினப்புறமும்?

— குழாய் சரியா மூடறதில்ல டீச்சர்.

— தண்ணிச் சத்தம் ஒரே சுருதியில இருக்கு. நீ அதுக்கு மேல ஏறி முனகறே. மழைக்காலத்துலேருந்து தினமும் கேக்கறேன்.

— அப்போ... அப்போ நீ மெஷினுக்கு மனு போட்டது?

— எனக்கு உன் கையே போதும் பயில்வான். உன் முதுகுக்கு வேணும்னு சொன்னா அந்தக் கொக்கை நீ வாசப்படி ஏற விட்டிருப்பியா? அதான் என் பேர்ல போட்டேன்.