ருஸ்கோவின் வால்

பெயர் ஐலா கர்வோனென், வயது ஐம்பத்தெட்டு, பின்லாந்து நாட்டுக் கூசமோவில் ஏரிக்கரைச் சாலையில் குடியிருந்து ஸ்பிட்ஸ் நாய்களை வளர்த்துக் குட்டி விற்கிறேன். ஆய்வாளர் கேட்டதன்பேரில் சொல்வதாவது:

ருஸ்கோ என் வீட்டில் பிறந்தவன். ராய்மோ பெல்தோலாவுக்கு நான்தான் விற்றேன். செம்பொன் நிறம், நரி முகம், குத்திட்ட காது எல்லாம் இந்த இனத்தின் இலக்கணப்படி அமைந்தவன். வால் மட்டும் தளர்வு. முதுகிலிருந்து வளைந்து தொடையோடு படிய வேண்டியது, இவனுக்குச் சந்தோஷம் வந்தால் அவிழ்ந்து ஆடும். மரத்திலிருக்கும் காட்டுப் பறவையைக் கண்டு ஓயாமல் குரைக்கத் தெரியாத நாய்க்கு, எத்தனை அழகானாலும், எங்களிடம் சாம்பியன் பட்டம் கிடையாது. அந்தக் குரைப்புப் போட்டியில் ருஸ்கோ முன்பே ஜெயித்துவிட்டான். அழகுப் போட்டி ஒன்றுதான் பாக்கி.

நேற்றுப் பகல் பள்ளி மைதானத்தில் அது நடந்தது. ருஸ்கோவின் வால் அச்சில் வார்த்தது போல் படிந்திருந்தது. பக்கத்திலிருந்தவர், "ஐலா, உங்க குட்டிக்கு இன்னைக்கு யோகம்தான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவர் தடவிப் பார்க்கையில் ராய்மோ, "அந்தப் பக்கம் தொட்டா கூச்சப்படுவான்" என்று கையால் மறைத்தே நின்றார். அதன் பிறகு முதல் பரிசு அறிவித்தார்கள். நான் கயிற்றைத் தாண்டிப் போய் "ருஸ்கோ" என்றேன். காது நிமிர்ந்தது, இடுப்பு முழுக்க ஆடியது, வால் ஆடவில்லை. அதன் பிறகு வாலுக்கும் தொடைக்கும் நடுவே விரலை விட்டேன். தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு. தோலோடு தோலாகத் தைத்து, மேலே முடியைச் சீவி மறைத்திருந்தது.

அதன் பிறகு, "என்னடா பண்ணி வச்சிருக்க, பாவி?" என்று ராய்மோவைக் கேட்டேன்.

"ஒரு நாள் கூத்துதானே, சாயங்காலம் பிரிச்சிருப்பேன். நாய் என்னோடது, உங்க வேலையப் பாருங்க" என்றார்.

அதன் பிறகு மேசையிலிருந்த முடி வெட்டும் கத்தரியால் அந்த நைலான் நரம்பை அறுத்தேன். தடுக்க வந்த ராய்மோவின் கையில் கத்தரி கீறியது உண்மை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள்.

நாய் இப்போது கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது. தன்னிடமே ஒப்படைக்கும்படி ராய்மோ கேட்டிருப்பதாக அறிகிறேன். ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நரம்பு அறுந்ததும் ருஸ்கோ நேரே அவரிடம் ஓடித்தான் வாலை ஆட்டினான். ஆட்ட ஆட்ட அவர் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது. இன்றைக்குக் கூப்பிட்டாலும் அவரிடம்தான் போவான். அதனால்தான் கேட்கிறேன், அவனை அங்கே அனுப்பாதீர்கள்.

இதில் உள்ளது அத்தனையும் நடந்தது நடந்தபடியே. படித்துக் காட்டக் கேட்டேன், திருத்தம் இல்லை.

(ஒப்பம்) ஐலா கர்வோனென்