ஏழாம் நம்பர் மலையில் சிவப்புப் புள்ளி

விடியற்காலை நாலே முக்கால். யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்குள் போகும் ஆளில்லாத வண்டிப்பாதை...

நெருங்கி உட்காருங்கள். இது நம் லோஜனுடைய தாய்மாமன் செல்லையாவுக்கு நடந்தது. லோஜன் இங்கே இருந்தால் சொல்ல விடமாட்டான்.

2003ஆம் வருஷம். வடக்கே நடந்த சண்டை நின்றிருந்த காலம். செல்லையா தோட்டத்துக் காவல்காரன். ரப்பர் கன்றுகளைத் தோண்டிப்போடும் காட்டுப்பன்றியைச் சுடுவது அவன் வேலை. துப்பாக்கி தோட்டத்து மேனேஜர் துரையுடையது. அந்த வாரம் துரை அதன்மேல் புது ஸ்கோப் ஒன்றைப் பூட்டியிருந்தார். கண்ணை வைத்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். நடுவே பேட்டரியில் எரியும் சிவப்புப் புள்ளி. புள்ளி எங்கேயோ, குண்டு அங்கே.

"மூணு நாள் வச்சுப் பாரு செல்லையா. பிரயோசனம்னா வாங்கிருவோம். இல்லாட்டி கொழும்புக்கே திருப்பி அனுப்பிருவேன்," என்றார் துரை.

செல்லையாவுக்கு அது வேண்டும். ஏனென்றால்... அவனுக்குக் கண் மங்கிவிட்டது. கிட்டத்தில் இருப்பதே கலங்கல்; இருபதடிக்கு அப்பால் எல்லாம் புகை. துரைக்குத் தெரிந்தால் காவல் வேலை போய்விடும். மனைவி பரிமளத்திடம்கூட அவன் சொல்லவில்லை. மைத்துனன் தினேஷ் மட்டும் மோப்பம் பிடித்திருந்தான்.

"என்ன மச்சான், நேத்து கங்காணிய மாடுன்னு நெனச்சு வெரட்டுனீங்களாமே?"

முதல் இரண்டு நாளும் பன்றி வரவில்லை. இது மூன்றாம் நாள்.

ரப்பர் மலையில் சுடுமுன் ஒருதரம் குரல் கொடுக்கவேண்டும். நேரத்தோடு மரத்தைக் கீறிப் பால் வெட்ட வருகிறவர்கள் இருப்பார்கள். "யாரது?" என்றால் ஆள் பதில் சொல்லும், பன்றி ஓடும். பதினெட்டு வருஷத்தில் செல்லையா அதில் தவறியதில்லை.

ஏழாம் நம்பர் மலை. புளித்த ரப்பர் பால் வாடை. முந்தின நாள் மழை இலையிலிருந்து சொட்டு... சொட்டு...

ஸ்கோப்புக்குள், மங்கிய நிலா வெளிச்சத்தில், ஒரு மரத்தடியில் கறுப்பாய்க் குனிந்த முதுகு. அசைந்தது.

குரல் கொடுத்தால் ஓடிவிடும். வெறுங்கையோடு போனால் ஸ்கோப்பும் போய்விடும். அவன் வாயைத் திறக்கவில்லை. புள்ளியின் வெளிச்சத்தைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினான். புள்ளி வீங்கிச் சிவந்து அந்த முதுகையே மூடிவிட்டது.

சுட்டான்.

பன்றி கத்தவில்லை. தகர வாளி ஒன்று கல்லில் உருண்டது. டணக்... டணக்... பிறகு ஒரு பெண்குரல், கோபமே இல்லாமல்:

"வெளிச்சத்தக் கொஞ்சம் கொறைங்கண்ணே. கண்ணு கூசுது."

அந்தப் புள்ளி உள்ளே பார்ப்பவனுக்குத்தான் தெரியும். எதிரே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

செல்லையா ஓடினான். அடிபட்டுக் கிடக்கிறாளா, உயிர் இருக்கிறதா... போய்ப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

ஆறு மணிக்கு, வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் வாசித்தார்கள். ஓரமாய் நின்று, பதில் சொல்லும் குரல்களை ஒவ்வொன்றாய் எண்ணினான். ஒருத்தியும் குறையவில்லை. ஜீவராணி மட்டும் சிடுசிடுத்தாள்.

"ஏழாம் நம்பர்ல என் மரத்துல யாருண்ணே பால் வெட்டுனது? வாளி வைக்கப் போனா பால் புடிக்கிற செரட்டையெல்லாம் நெறஞ்சு கெடக்கு."

அவன் பதில் சொல்வதற்குள் துரை வந்துவிட்டார். "எப்பிடி செல்லையா? வாங்கலாமா?"

நடந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தான். தினேஷ் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல சாமான்ங்க தொரை. தெளிவாத் தெரியுது. வாங்கலாம்."

சொன்ன வாய் கூசியது. தலையைக் குனிந்துகொண்டான்.

துரை துப்பாக்கியை வாங்கி, தோட்டாவை எடுத்துவிட்டு, ஏழாம் நம்பர் பக்கம் நீட்டிப் பார்த்தார். பார்த்தபடியே கேட்டார்:

"எல்லாரும் இங்கதானே? அங்க ஒரு பொம்பளை நிக்குது. ஏன் கையால கண்ண மறைச்சுக்கிட்டு நிக்குது?"

எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவு தூரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. குனிந்திருந்த தலையைச் செல்லையா மெல்லத் தூக்கினான்.

பக்கத்தில் நின்ற துரையின் முகமே அவனுக்குக் கலங்கலாய்த்தான் தெரிந்தது. ஆனால் கால் மைலுக்கு அப்பால் அவள்... சேலையில் காய்ந்திருந்த பால்கறை வரைக்கும் தெரிந்தாள். விரலிடுக்கு வழியே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.