அண்ணன் பங்கை நான் தொடவில்லை

இந்த ஸ்டேஷன் நாற்காலியில் ஒரு கால் குட்டை, ஐயா. உங்களுக்குத் தெரிந்திருக்காது, எதிரில் உட்காருகிறவன்தானே ஆடவேண்டியிருக்கிறது. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். பரவாயில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை.

எங்களுடையது சலவைக் கம்பெனி. ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்போம். நானும் அண்ணனும் மூட்டை சுமந்து உண்டாக்கியது. பாதிக்கு மேல் அண்ணன் பங்கு, மிச்சம் என்னுடையது. பதிவு செய்த அன்று அண்ணன் சொன்னான்: "டேய், உனக்குத்தான் இப்ப எழுத்து வருதே, நீ டைரக்டரா இரு. எனக்கு பாய்லர் போதும்." தலை நரைத்த பிறகு மகளிடம் எழுத்துக் கற்றவன் நான். இன்னொரு டைரக்டர் என் மச்சினன், மனைவியின் தம்பி.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் ஒரு வரியையும் தாண்டுவதில்லை. கம்பெனி விதிகளில் ஒரு வரி இருந்தது: 'புதிய பங்குகளை டைரக்டர்கள் தங்கள் விருப்பப்படி வெளியிடலாம்.' அதுவரை என் விருப்பத்தை யாரும் எழுதி வைத்ததில்லை.

பாய்லரில் விரிசல் கண்டது. நிறுத்திவிட்டு வேறு வாங்கவேண்டும் என்றான் அண்ணன். நிறுத்தினால் பெரிய ஓட்டல் கைவிட்டுப் போய்விடும், ஓட்டலாம் என்றேன் நான்.

"கூட்டம் போட்டு உன்னையும் உன் மச்சினனையும் டைரக்டர் பதவியிலேர்ந்து எறக்கிடுவேன். ஓட்டு எங்கிட்டதான் இருக்கு. அப்புறம் நானே பாய்லருக்குப் பூட்டுப் போடுறேன்."

கூட்டத்துக்கு முந்தின நாள் நானும் மச்சினனும் புதிய பங்குகளை வெளியிட்டோம். எல்லாம் அவன் பெயருக்கு.

"என்ன மாமா, நோட்டீஸ் அடிக்கிற மாதிரி அடிச்சுத் தள்றீங்க" என்று சிரித்தான்.

மறுநாள் ஓட்டு எண்ணியபோது அண்ணன் பக்கம் மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"என் பங்கு எங்கடா போச்சு?"

"ஒண்ணுகூடக் குறையலண்ணா. நான் தொடவே இல்ல."

அது பொய்யில்லை. அவன் டம்ளரில் இருந்த பாலை யாரும் குடிக்கவில்லை. தண்ணீர் மட்டும்தான் ஊற்றினோம்.

"எழுத்து உனக்கு நல்லாவே வந்திருக்குடா" என்றான்.

கம்பெனிக்கு முதல் சேர்க்கத்தான் வெளியிட்டேன் என்று முந்தைய வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். மச்சினன் ஒரு காசும் போடவில்லை. ஓட்டுக்காகத்தான்.

பாய்லர் ஆட்கள் பற்றவைக்க மாட்டோம் என்றார்கள். நான் யாரையும் அதட்டவில்லை. "யாராவது ஒருத்தர் நின்னுதானே ஆகணும்" என்றேன், அண்ணன் காதில் விழும்படியாக. அடுத்தவனை நிற்கவிட்டு அவன் ஒதுங்கமாட்டான், அது எனக்குத் தெரியும். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவனே போய் நின்றான்.

பாய்லர் வெடித்த சத்தம் கேட்டபோது நான் வாசலில் வண்டிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். விரிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் ஓட்டலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தன.

நேற்று அண்ணி இங்கே வந்தார். "அவர் பங்கையும் எடுத்துக்கிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். ஒன்றையும் தொடவில்லை, எல்லாம் உங்களுக்குத்தான் என்றேன். மச்சினன் அவர் பக்கம் சாய்ந்துவிட்டானாம். இருவருமாகச் சேர்ந்து என்னை இறக்கக் கூட்டம் போடப்போகிறார்கள்.

இரவெல்லாம் புதிய பங்கு வெளியிடுகிற அந்த வரியையே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன், ஐயா. 'டைரக்டர்கள்' என்றுதான் இருக்கிறது. அந்தக் 'கள்' மட்டும்தான் இடிக்கிறது. ஒருவன் கையெழுத்துப் போட்டால் போதுமா?