சம்யுக்தாவை விட்டுக்கொடுத்தவர்

கூடைப்பந்து அணிக்கு ஜெனரல் மேனேஜர் தேடுபவர்கள் பேச்சில் மயங்கக் கூடாது. புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய டிராஃப்ட்டில் யாரை எடுத்தார், அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் டிரேடில் யாரை விட்டார் என்று பார்த்தால் போதும். துபாயில் எங்கள் கிளப்பின் பெண்கள் அணிக்கு ஆள் தேடியபோது நான் இதைத்தான் சொன்னேன். குழுவில் கிளப் தலைவர் முரளிதரன், முன்னாள் ஆட்டக்காரி நீலா, நான். ஜெனரல் மேனேஜர் பொறுப்பிலிருந்து நான் விலகி, கிளப்பில் மட்டும் நீடித்தேன்; அந்த இடத்துக்குத்தான் தேடினோம்.

வந்தவர்களில் பாலகுருதான் சிறந்தவர். உயரம் போதாது என்று மற்ற அணிகள் ஒதுக்கிய ஹர்ஷினியை டிராஃப்ட்டில் எடுத்தவர். இன்று அவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக லீகில் ஆள் இல்லை. வேறொரு அணியில் ஜெனரல் மேனேஜராக இருந்த அவருக்கு அந்த வேலை போயிருந்தது. இது கிடைத்தால் விசா தொடரும், பிள்ளைகள் இங்கேயே படிப்பார்கள். இல்லையென்றால் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவரிடம் ஒரே ஒரு கறை. சென்ற சீசனில் லீகின் சிறந்த ஆட்டக்காரியை எங்கள் அணிக்குக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை வாங்கிக்கொண்டார். அந்த ஆட்டக்காரி சம்யுக்தா. என் மனைவி.

“கட்டின பொண்டாட்டியையே டிரேட்ல வாங்கின ஒரே ஆளு நீதான்டா” என்று கராமா பகுதி ஹோட்டல் ஒன்றில் நண்பன் முத்துராமன் கலாய்த்தான். “ரிட்டர்ன் பாலிசி உண்டா மச்சான்?”

சம்யுக்தாதான் அதிகம் சிரித்தாள்.

டிரேடுக்கு முந்தைய நாள் பாலகுரு என்னைத் தனியாக அழைத்திருந்தார்.

“சங்கர், பிராக்டீஸ்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நான் உட்காருங்கன்னா கேக்கறதில்லை. உங்க டீமுக்கு எடுத்துக்கங்க. ஹார்ட் டாக்டர் பாக்கற வரைக்கும் கோர்ட்ல இறக்காதீங்க.”

நன்றி சொன்னேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்ற நிம்மதியில் இருந்தாள். அதைக் கெடுக்க விரும்பவில்லை. டாக்டரிடம் நேரம் வாங்கினேன். ஃபைனல் சனிக்கிழமை, டாக்டர் திங்கட்கிழமை. எங்கள் கிளப் அதுவரை கோப்பை வாங்கியதில்லை.

ஃபைனலின் இடைவேளையில் அவள் என் அருகில் வந்தாள்.

“சங்கர், கொஞ்சம் உட்காரட்டா? மூச்சு ஒரு மாதிரி இருக்கு.”

“லீட் அஞ்சு பாயின்ட்தான், சம்யு. இந்தக் குவார்ட்டர் மட்டும்.”

தலையாட்டிவிட்டு ஷூ லேஸை இறுக்கினாள். அந்தக் குவார்ட்டர் முடியவில்லை; கோர்ட்டில் விழுந்தவள் எழவில்லை. பிறகு ஒரு நாள் கோப்பையை எங்களுக்கே கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

நேர்காணலில் முரளிதரன் நேராகவே கேட்டார். “சம்யுக்தாவைப் போய் ஏன் விட்டீங்க, பாலகுரு?”

“இந்தக் கேள்வி வேண்டாம் சார்” என்றாள் நீலா. “சங்கர் இருக்கார்.”

“பரவாயில்லை. சொல்லட்டும்” என்றேன்.

பாலகுரு என்னைப் பார்த்தார். மனைவியை இழந்தவன் முன்னால் அந்த எச்சரிக்கையைப் பற்றிச் சொல்ல அவருக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும்.

“அப்பச் சரின்னு பட்டுச்சுங்க சார். என் தப்புதான்.”

அவர் வெளியே போனதும் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவரை எடுத்தால், உண்மை தெரிந்த அவரும் அந்த முகத்தை நாள்தோறும் பார்ப்பார்.

“ஆளை எடைபோடத் தெரியாதவர். வேண்டாம்” என்றேன். ஒரு கணவனின் துக்கம் என்று நினைத்து யாரும் மறுத்துப் பேசவில்லை. போன வாரம் பாலகுரு குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்.

சம்யுக்தாவைக் கொன்றது நான். பாலகுருவை அனுப்பியதும் நான். ஆனால் அவரைப் பற்றிக் குழுவிடம் சொன்னது பொய்யில்லை. புருஷனிடம் ஒப்படைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பியவர் அவர். ஆளை எடைபோடத் தெரிந்தவர் செய்கிற காரியமா அது?