கோழிக்கு ஜப்பான் பாஷை

சங்கராபுரத்தில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒம் பொண்ணு நேத்து எங்க வூட்டுக் கோழிய ஜப்பான் பாஷைல வெரட்டிக்கினு இருந்தா."

சொன்னவள் மூத்த மருமகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய ஓரகத்தி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறாங்கக்கா. வெள்ளிக்கிழமையானா யூனிவர்சிட்டிலருந்து வராங்க."

"கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்கா?"

"ஆமாக்கா."

"நாங்க வேன் வச்சி, டை கட்டி அனுப்பறோம். எம் புள்ள ஸ்கூலுக்கு ஏன் வரல?"

"கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவாங்களாம்."

மூத்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்பு லாரி ஒன்று கடந்து போனது.

"கோழியும் அவ சொன்னா கேட்டுக்கினு போவுது," என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"வர வெள்ளிக்கிழமை எம் புள்ளைக்கிக் காச்சல்னு லீவு சொல்லிடறேன். ஒம் பொண்ணோட போயி கடசில ஒக்காந்துக்கட்டும். ஒம் பெரியவன் யூனிபாரம் ஒண்ணு குடு."

"அந்தத் துணி ஒம் புள்ளைக்கி அரிக்கும்னுதான அந்தப் பள்ளிக்கூடமே வேணான்ன?"

கண்டக்டர் வந்து கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை மூத்தவள் மடித்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கித்தான. தொவச்சிக் குடுத்துடறேன்."