கைக்கு எட்டும் இடம்

தட்டு சிறியதாக இருந்தால் மனிதர்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

அலுவலகச் சாப்பாட்டுக்கூடங்களில் பொருள்களை இடம் மாற்றி வைப்பது என் வேலை. பழம் கண்ணுக்கு நேராக இருக்கும். வறுத்ததை எடுக்க மூலைக்குப் போய்க் குனிய வேண்டும். யாரையும் தடுப்பதில்லை. கைக்கு எட்டுவதை எடுத்துக்கொண்டு, விரும்பி எடுத்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

என் கணவர் மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்ததும் அதே வேலையை வீட்டிலும் செய்தேன். முதலில் தட்டு.

"இது தட்டா, தட்டு போட்ட குட்டியா?" என்றார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

காலை மாத்திரையைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்தேன். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கட்டிலருகே வைத்தேன். ஷூவை வாசலில், கயிறு தளர்த்தி. அப்படியும் நடை மட்டும் தவறியது. அதற்கும் வழி உண்டு. வெளியே ஒருவர் காத்திருந்தால் யாரும் சோம்பல்படமாட்டார்கள். பூங்கா வாசலில் காத்திருக்கும்படி என் தங்கையைக் கேட்டேன்.

"மாமாவ மேய்க்கற வேலையா? சம்பளம் என்னக்கா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் தவறவில்லை. இளைத்தார். புதுச் சட்டைகள் வாங்கினார். டாக்டர் என்னைப் பாராட்டினார்.

பூங்காப் பாதை முழுக்கச் செம்மண். மழை பெய்தால் ஷூவைச் சுரண்டிக் கழுவுவது நான்தான். ஒரு மழை நாளில் கழுவ எடுத்தேன். அடியில் மண்ணே இல்லை. மறுநாள் அவர் பின்னால் போனேன். பூங்கா வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. எதிர்த் தெருவில், தங்கை வீட்டு வாசலில், அந்த ஷூ இருந்தது. அவர் கழற்றினால் ஆளுக்கொரு பக்கம் கிடக்கும். அது ஜோடியாக, தெருவைப் பார்த்து, கயிறு தளர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நான் வைப்பதுபோலவே.

நான் சண்டை போடவில்லை. அன்று மதியம் அவளே போன் செய்தாள்.

"மாமா எப்படி ஆயிட்டாரு பாத்தியாக்கா? எல்லாம் உன்னாலதான்."

உண்மைதான்.

பழைய பெரிய தட்டை வெளியே எடுத்தேன். "அப்பாடா, விடுதலை" என்றார். வறுத்ததைக் கண்ணாடி டப்பாவில் போட்டு டிவி பக்கத்தில் வைத்தேன். காலை மாத்திரை அலமாரிக்குள், துண்டுகளுக்குப் பின்னால் போனது. அவர் தேடவில்லை. கண்ணில் படாததை யாரும் தேடுவதில்லை. கட்டிலருகே இருந்ததைச் சமையலறைப் பரணுக்கு மாற்றினேன். எதையும் தூக்கி எறியவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷூவை மட்டும் நான் தொடவே இல்லை. எங்கே போவது என்பது அவர் விருப்பம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்தபடி அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த மாத்திரை எங்கம்மா?"

"வச்ச எடத்துலதான் இருக்கு."

கட்டிலருகே தேடினார். தலையணையைத் தூக்கிப் பார்த்தார். இழுப்பறைகளைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய தட்டு, நேரம் பிடிக்கும். சத்தம் நின்ற பிறகு குழாயை மூடினேன்.

யார் வைத்த இடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.