கொண்டை இல்லாத டெரோசர்

காலையில் நான் வெந்நீர் மட்டும்தான் குடிப்பேன். டீ குடித்தால் கை லேசாக நடுங்கும், ஊசி பிடிக்கிற வேலைக்கு அது ஆகாது. நீங்கள் தந்ததைத் தொடாமல் வைத்திருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. விசாரணைக்காக வெளியிலிருந்து வந்திருக்கிறீர்கள், எங்கள் அருங்காட்சியகம் உங்களுக்குப் புதிது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கல்லுக்குள் இருக்கும் எலும்பை வெளியே எடுப்பது என் வேலை. டைனோசர் காலத்தில் தோல் இறக்கையோடு பறந்து திரிந்த ஊர்வனவற்றை டெரோசர் என்பார்கள். அப்படி ஒன்றின் மண்டையோடு கல்குவாரியிலிருந்து பலகைக் கல்லோடு வந்து சேர்ந்தது. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஆறு வருடம் ஊசியால் கல்லைச் சுரண்டினேன். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. டெரோசருக்கு அல்ல, எனக்கு.

அதுவரை உலகத்தில் யாரும் பெயர் வைக்காத இனம் அது. ஆராய்ந்து எழுதுகிறவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அசிங்கம். மரியாதைக்காக இன்னொருவர் பெயரை வைப்பார்கள். "உங்க பேரத்தான் வைக்கப்போறேன்" என்று, அதை எழுதவிருந்த எங்கள் அருங்காட்சியக இயக்குநர் மூன்று முறை சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

படம் வரைவதற்கு என் தம்பியைச் சேர்த்துவிட்டதும் நான்தான். என்னைவிடப் பதினோரு வயது இளையவன். அப்பா போன பிறகு சோறு போட்டு, பென்சில் வாங்கிக் கொடுத்து அவனை ஆளாக்கினேன். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு மதியம் அவன் புற ஊதா விளக்கைக் கல்லுக்கு மேலே பிடித்தான்.

"அண்ணா, இங்க வந்து பாரேன். மண்டைக்கு மேல என்னமோ மினுங்குது."

வெறும் அழுக்கு, நாளைக்குச் சுரண்டிவிடலாம் என்று நான் விட்டுவைத்திருந்த கறை அது. அந்த வெளிச்சத்தில் அது சேவலுக்கு இருப்பதுபோல ஒரு தோல் கொண்டையாக, பத்துக் கோடி வருடம் கழித்தும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்து வரைந்து, வெளியூர் போயிருந்த இயக்குநருக்குப் படத்தை அனுப்பினான். சாயங்காலம் அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பிக்கு என்ன கண்ணுங்க. பேரு அவனோடதுதான், முடிவு பண்ணிட்டேன். நீங்க தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சேச்சே, அவன் பேரு வேற, என் பேரு வேறயா சார்?" என்றேன்.

எனக்குக் கோபம். அன்றைக்கு வந்தது, இன்றைக்கும் அடங்கவில்லை. ஆறு வருடம் ஆக்கி வைத்தவன் நான். அரை மணி நேரம் விளக்குப் பிடித்தவன் வந்து அள்ளிக்கொண்டு போனான். உங்கள் வீட்டில் நடந்திருந்தால் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

மறுநாள் அவன் வருவதற்கு முன்பே போய் அந்தக் கறையைச் சுரண்டி எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. கல்லில் ஒரு கீறல் விழவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. எலும்பு உதிராமலிருக்க நாங்கள் ஒரு பசை தடவுவோம், அதுவும் அந்த விளக்கில் மினுங்கும். தம்பியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் தூரிகையாலேயே, அந்தக் கொண்டையை அச்சு அசலாகப் பசையால் தீட்டினேன். அவன் எடுத்த புகைப்படங்கள் ஆய்வக கேமராவில் இருந்தன. அவற்றையும் அழித்தேன்.

திங்கட்கிழமை இயக்குநர் ஒரு நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிபுணர் பஞ்சைப் பசை கரைக்கும் திரவத்தில் நனைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கொண்டை பஞ்சோடு வந்துவிட்டது. தம்பி என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, நீயும் பாத்தியே. நரம்பெல்லாம் தெரிஞ்சுதே. சொல்லுண்ணா."

"நீ காட்டுனத பாத்தேன்பா. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?"

யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மோசடி என்று போலீஸில் கொடுக்க இருந்தார்கள். கையைக் காலைப் பிடித்து நான்தான் தடுத்தேன். அதே டெரோசரைக் கொண்டை இல்லாமல் வரைந்து கொடுத்துவிட்டு அவன் விலகிக்கொள்ளட்டும் என்பதும் என் யோசனைதான். வரைந்து கொடுத்தான். மொட்டைத் தலை, அடியில் இனத்தின் பெயராக என் பெயர். பிறகு அவன் பென்சிலைத் தொடவில்லை. மூன்று வருடமாக என் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். "நான் பசைய தடவலண்ணா" என்று தினம் ஒரு தடவையாவது சொல்வான். "சரி விடு, நான் உன்ன மன்னிச்சு எவ்ளோ நாளாச்சு" என்பேன்.

இப்போது அதே குவாரியில் இரண்டாவது மண்டையோடு கிடைத்திருக்கிறது. கொண்டை அப்படியே இருக்கிறதாம், அவன் வரைந்த அளவிலிருந்து இம்மிகூடப் பிசகவில்லையாம். அதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள். ஆமாம், சுரண்டியவன் நான், தீட்டியவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் புதுத் தலையைக் கண்டவனிடம் கொடுத்துவிடாதீர்கள். கொண்டை மிக மெல்லியது, பொறாமை பிடித்தவன் எவன் கையிலாவது சிக்கினால் ஒரு காலை நேரத்தில் இல்லாமல் ஆக்கிவிடுவான். என்னிடமே கொடுங்கள்.